கேள்விச் செல்வம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே "அன்றாட வாழ்விலும் தொழிலிலும் வலையொலியின் இடம்" என்னும் பொருள்பற்றிப் பேச வேண்டுமென்று காரியதரிசி என்னைக் கேட்டபோது நான் சிறிது திகைத்தேன். நெடுந்தீவிலே பிறந்து, ஊர்காவற்றுறைப் பகுதியிலே படிப்பித்து இளைப்பாறிய ஒரு வாத்தியாருக்கும் வலையொலிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். நானும் அவ்வாறே சொல்லித் தப்பிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அந்தத் தம்பி விடவில்லை. "ஐயா, குறிகட்டுவானிலே படகேறும்போதெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொள்கிறீர்களே, அது என்ன?" என்று திருப்பிக் கேட்டார். நான் அகப்பட்டுக்கொண்டேன். ஆகவே, அறிஞன் என்ற முறையிலன்றிக் கேட்பவன் என்ற முறையில் உங்கள்முன் நிற்கின்றேன்.

வலையொலி என்பது யாது?

பெரியோர்களின் பொருட்டு முதலில் இதனைச் சொல்லிவிடுகின்றேன். ஒருவர் பேசுகின்றார், அல்லது இருவர் கூடி உரையாடுகின்றனர். அப்பேச்சு ஒலிக்கோப்பாகப் பதிவுசெய்யப்பட்டு, இணையத்தோடு இணைந்த கணினியொன்றில் வைக்கப்படுகின்றது. இன்ன நாளில் இன்ன பேச்சு வந்துள்ளது என்று அறிவிக்கும் பட்டியலொன்றும் உடன் வைக்கப்படுகின்றது. நமது கைத்தொலைபேசியிலுள்ள செயலி அப்பட்டியலை அடிக்கடி பார்த்து, புதியது வந்தவுடன் நமக்கு எடுத்துத் தருகின்றது. சந்தா கட்டிய சஞ்சிகையைத் தபாற்காரர் படலையடியிற் கொண்டுவந்து தருவது போன்றது இது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பின்னர் தொடர்பில்லாத நடுக்கடலிலும் கேட்கலாம்.

ஆங்கிலத்திலே இதனைப் பொட்காஸ்ட் என்பர். அப்பிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐபொட் என்னும் சிறு பாட்டுப் பெட்டியின் பெயரும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பிற்பாதியும் சேர்ந்து அச்சொல் பிறந்தது. 2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே பென் ஹமர்ஸ்லி என்பவர் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகைக் கட்டுரையொன்றில் அதனை எழுதினார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்க ஒக்ஸ்போர்ட் அகராதியினர் அதனை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். பெயர் கொடுத்த ஐபொட்டின் உற்பத்தி 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. பெயரும் பழக்கமும் மட்டும் உலகெங்கும் வேரூன்றிவிட்டன.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். பேச்சுக்குப் போதுமான 64 கிலோபிட் தரத்திற் பதிந்தால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 மெகாபைற் இடத்தையே பிடிக்கும். அதே ஒரு மணி நேரம் படமாக வந்தாற் பல நூறு மெகாபைற் ஆகிவிடும். கைக்காசை எண்ணி இணையத்துக்குப் பணங் கட்டும் நம்போன்றவர்களுக்கு இது சிறிய விடயமன்று.

நமக்குப் புதியதன்று

கருவி புதிது, காரியம் பழையது. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதற்கென்றே நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை வகுத்தார். ஏட்டைப் படிக்க இயலாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபட்டுவிடவில்லை, அவனுக்குச் செவி திறந்திருக்கின்றது என்பதே அவ்வைப்புமுறையால் நாம் உணர்வது.

யாழ்ப்பாணத்தார் இதனை நன்குணர்ந்தவர்கள். நமது கோயில்களிலே புராணபடனம் என்றொரு மரபு உண்டு. ஒருவர் கந்தபுராணத்தையோ பெரியபுராணத்தையோ இசையோடு வாசிப்பார். மற்றவர் ஒவ்வொரு பாட்டுக்கும் பயன் சொல்லுவார். திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணமும், பிள்ளையார் பெருங்கதையின்போது பிள்ளையார் கதையும், சித்திரைப் பூரணையிலே சித்திரபுத்திரனார் கதையும் படிக்கப்படும். எழுத்தறியாத ஆச்சிமாரும் சூரபன்மனின் வரலாற்றை ஒரு சம்பவமும் பிசகாமற் சொல்லியது இந்தக் கேள்வியினாலேயே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நமது பண்பாட்டைக் "கந்தபுராண கலாசாரம்" என்று குறித்தார்கள். அக்கலாசாரத்தை ஊட்டி வளர்த்ததிற் பெரும்பங்கு செவிக்குரியது.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அது நடைபெற்று வந்தது. குறித்த கிழமையில் குறித்த பொருளைப்பற்றித் தொடர்ந்து பேசுவதும், கேட்போர் அடுத்த கிழமையை எதிர்பார்த்திருப்பதும் இன்றைய வலையொலிக்காரரின் முறையே அல்லவா?

வானொலிக் காலம்

இலங்கையிலே 1925ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1967ஆம் ஆண்டில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. என் சிறுவயதிலே ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலேதான் வானொலிப் பெட்டி இருக்கும். நாடகம் தொடங்கும் நேரத்துக்கு அயலவர் எல்லோரும் அந்த வீட்டு விறாந்தையிலே கூடிவிடுவர். சானா அவர்களின் "லண்டன் கந்தையா" போன்ற நாடகங்களைப்பற்றி என் தந்தையார் காலத்தவர் வாய் ஓயாமற் பேசுவர், பேசிச் சிரிப்பர்.

பின்னர் போர் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்தின் பல ஊர்கள் ஆளொழிந்து போயின. நாங்கள் குடாநாட்டிலே இடம்பெயர்ந்திருந்தோம். அங்கே மின்சாரமில்லை; வானொலிக்கு இடும் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. அக்காலத்தில் நாங்கள் செய்ததை இளைஞர்கள் கேட்டால் வியப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தை வானொலிக்குக் கொடுத்து, இலண்டன் பி.பி.சி. தமிழோசையின் செய்தியைக் கேட்டோம். ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர் சுழற்றுவார். சுழற்சி குறைந்தாற் குரலும் அடைத்துப்போகும். 1941ஆம் ஆண்டிலே தொடங்கிய அத்தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆந் திகதியோடு நிறுத்தப்பட்டது. கேள்விக்காகக் கைநோகச் சைக்கிள் சுழற்றியவர்கள் நாங்கள். அதனாலேதான், ஒரு சொடுக்கிலே உலகத்துக் குரல்கள் எல்லாம் காதில் வந்து விழும் இக்காலத்தை நான் எளிதாக எண்ணுவதில்லை.

தொழிலும் செவியும்

வானொலிக்கும் வலையொலிக்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. வானொலியின் நேரத்துக்கு நாம் காத்திருந்தோம். வலையொலியோ நமது நேரத்துக்காகக் காத்திருக்கின்றது. உழைப்பவனுக்கு இது பெரிய உபகாரம். வலையின் கிழிசலைப் பின்னுபவரின் கையும் கண்ணும் வேலையிலிருக்கும். செவி சும்மா இருக்கும். பனையோலையிற் பெட்டி இழைக்கும் அக்காவுக்கும், தையல் இயந்திரத்தின்முன் இருக்கும் தங்கைக்கும், சமையலறையில் நிற்கும் தாய்க்கும் அவ்வாறே. நெடுந்தீவுப் படகுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிழமைக்கு இருமுறை போய்வருபவர், வருடமொன்றிலே இருநூறு மணி நேரத்தைக் கடலிற் கழிக்கின்றார். ஒரு பாடத்தைச் செவ்வையாகக் கற்க இக்காலம் போதாதா?

நம்மவர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் பரந்து வாழ்கின்றனர். இரவு வேலைக்குப் போகும் ஒருவர், பஸ்ஸிலும் தொழிற்சாலையிலும் தமிழ்க்குரல் கேட்டுக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கின்றார். அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ்ப் பிரிவு தன் நிகழ்ச்சிகளை வலையொலியாகவும் தருகின்றது. தமிழ்நாட்டிலே தீபிகா அருண் அவர்கள் "கதை ஓசை" என்னும் பெயரிலே தமிழ்க் கதைகளை வாசித்து அளிக்கின்றார். கண்பார்வை குன்றிய பெரியவர்களுக்கும், பார்வையற்ற மாணவர்களுக்கும், பேசத் தெரிந்தும் தமிழ் வாசிக்கத் தெரியாத புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் இது புத்தகசாலையின் கதவைத் திறந்துவிட்டது போன்றது.

குறைகளும் உள

இத்துணை நன்மையைச் சொன்ன நான் குறையைச் சொல்லாது விடின் ஒருபாற் கோடியவனாவேன். வீதியிலே சைக்கிளோட்டும்போதும், வள்ளத்திலே எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போதும் இரு காதையும் அடைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து. அதனை விலக்குக. இது முதற் குறை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. புராணபடனத்திலே பயன் சொல்பவர் பிழைபடச் சொன்னால், தூணோடு சாய்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மெல்லச் செருமுவார். அந்தச் செருமலிலே சபை விழித்துக்கொள்ளும். பூசை முடிந்தபின் தெற்குவீதியிலே இருவரும் வாதிப்பர். கேட்டுக்கொண்டு நின்ற எங்களுக்கு அதுவும் ஒரு பாடம். காதுக்குள் ஒலிக்கும் குரலுக்குச் செருமுவார் இல்லை. இனிமையாகப் பேசுபவன் பொய்யை வைத்தியமென்றும் வரலாறென்றும் சொன்னாலும், தனியே கேட்பவன் தலையசைத்து விடுகின்றான். நமது முன்னோர் கேள்வியென்று சொன்னது ஒலி காதிற் புகுவதையன்று. அறிந்தாரிடம் கேட்டு, ஐயந் தெளிந்து, மனத்திற் கொள்வதையே. கேட்டதை மற்றொருவரோடு பேசிப் பாராதவன் பெற்றது அரைக் கேள்வியேயாம்.

மூன்றாவது குறை நம்முடையது. அதனை என் சொந்தக் கதையினாற் சொல்லுகின்றேன்.

அழிந்த ஒலிநாடா

என் பெரியப்பா நெடுந்தீவிலே பயன் சொல்லுவார். கமம் செய்தவர், பட்டம் பெற்றவரல்லர். திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையிலே, குளிருக்கு ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு, மாணிக்கவாசக சுவாமிகள் குதிரை வாங்கப்போன கதைக்கு அவர் பயன் சொன்னாற் சிறுபிள்ளைகளும் அசையாதிருப்பர். நெடுந்தீவாருக்குக் குதிரை தெரிந்த பிராணியல்லவா? நமது வெளிகளில் மேயும் குதிரைகளை உவமை காட்டி, அவற்றின் குளம்பொலியைக் கையாற் தட்டிக் காட்டுவார்.

எண்பதுகளின் தொடக்கத்திலே மாமா ஒருவர் சவூதி அரேபியாவிலிருந்து ஒலிப்பதிவுப் பெட்டியொன்று கொண்டுவந்தார். நான் அதைக் கோயிலுக்கு எடுத்துச்சென்று ஒருநாட் காலை முழுவதும் பெரியப்பாவின் குரலைப் பதிந்தேன். அவர் அதைக் கேட்டு, "இதென்ன தம்பி, என்ரை குரல் இப்படியோ?" என்று வெட்கப்பட்டார். சில மாதங்கள் கழிந்தன. புதிய சினிமாப் படமொன்றின் பாட்டுக்களைப் பதிய எனக்கு ஓர் ஒலிநாடா வேண்டியிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். பெரியப்பாதான் இங்கேயே இருக்கின்றாரே, அடுத்த திருவெம்பாவைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று எண்ணி, அந்த நாடாவின்மேலேயே பாட்டைப் பதிந்துவிட்டேன்.

அடுத்த திருவெம்பாவையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் பதியவில்லை. பின்னர் நாங்கள் ஊரைவிட்டுப் போனோம். பெரியப்பா இடம்பெயர்ந்த இடத்திலே காலமானார். சென்ற வருடம் என் பேரன், "அப்பப்பா, குதிரைக்கதை சொன்ன பெரியப்பாவின்ரை குரல் எப்படியிருக்கும்?" என்று கேட்டான். நான் சொல்லிக் காட்ட முயன்றேன். வந்தது என் குரலே, அவருடையதன்று. அவர் குரலை அழித்தது போருமன்று, கடலுமன்று. நான் அழித்தேன்.

இதை எவருடைய அனுதாபத்தையும் வேண்டிச் சொல்லவில்லை. இளைஞர்காள், உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அந்த ஒலிப்பதிவுப் பெட்டியினும் நூறு மடங்கு சிறந்த கருவி இருக்கின்றது. அதனால் உலகத்தார் பேச்சையெல்லாம் கேட்கின்றீர்கள். உங்கள் ஆச்சியின் பேச்சை அதிற் பதிந்தவர் எத்தனை பேர்? ஊரார் கேட்பவர்களாக மாத்திரம் இருந்து பேசுபவர்களாக இல்லாதிருப்பதே நான் சொன்ன மூன்றாவது குறை.

சேமிக்க வேண்டியவை

1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைந்து நாம் இன்றும் மனம் நோகின்றோம். அது எழுதிவைத்த செல்வம். எழுதாத செல்வமோ தீயின்றியே நாள்தோறும் அழிகின்றது. ஒவ்வொரு முதியவரும் கண்மூடும்போது ஒரு புத்தகசாலை மூடப்படுகின்றது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்திலே சேமித்ததோடு, வாய்மொழி வரலாறுகளையும் பதிந்து காத்து வருகின்றனர். இந்தியாவிலே கிரியர்சன் என்னும் அறிஞர் நடத்திய மொழிக் கணக்கெடுப்பிலே, 1913ஆம் ஆண்டு முதலாகப் பல மொழிக்காரரின் பேச்சைக் கிராமபோன் தட்டுக்களிற் பதிந்தார்கள். பேசியவர்கள் மறைந்தனர், அவர்கள் குரலை இன்றுங் கேட்கலாம்.

நமது தீவகத்திலே பதியத்தக்கவை யாவை? சோளகமும் வாடையும் கச்சானும் கொண்டலும் மாறும் குறியைக் கடலோடிகள் எவ்வாறு அறிந்தார்கள். நெடுந்தீவின் பவளக்கல் மதிலைச் சாந்தின்றி எவ்வாறு அடுக்கினார்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றை எவ்வாறு காத்தார்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு முன்னாளிலே எவ்வாறு படகேறினார்கள். ஊர்காவற்றுறை துறைமுகமாயிருந்த காலத்தைப்பற்றித் தம் பாட்டனார் சொன்னவை எவை. தாலாட்டு, ஒப்பாரி, கைமருந்து, விடுகதை என்பன. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி குமுதினிப் படகிலே நிகழ்ந்த கொலையிலே உற்றாரை இழந்தவர்களும் நம்மிடையே உளர். அவர்கள் சொல்ல விரும்பினாற் கேட்பது நம் கடமை. விரும்பாவிடின் வற்புறுத்தாதிருப்பதும் நம் கடமை.

செய்யும் முறை

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஓர் இளைஞரும் ஒரு பெரியவரும் சேர்ந்தாற் போதும். காற்றடிக்காத அறையிலே இருத்துக. மின்விசிறியை நிறுத்துக. தொலைபேசியை மேசைமேற் துணியொன்றை மடித்து வைத்து, பேசுபவரின் வாய்க்கு ஒரு முழத்துக்குள் வைக்க. வரும் அழைப்புக்களை நிறுத்திவிடுக. தொடக்கத்திலே பெயர், ஊர், திகதி ஆகியவற்றைச் சொல்லுக. "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒருவரும் சொல்லார். "நீங்கள் முதன்முதல் வள்ளத்தில் ஏறிய நாளிலே யார் கூட வந்தார்?" என்று கேளுங்கள், கதை தானே வரும். இடையிற் பேசாதிருங்கள். அவர் மௌனமானாலும் சிறிது பொறுங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் மௌனத்தின் பின்னே வரும். இருபது நிமிடம் ஒரு தடவைக்குப் போதும்.

பதிந்ததை அவருக்கே முதலிற் போட்டுக்காட்டி, வெளியிடச் சம்மதம் பெறுக. வேண்டாமென்ற பகுதியை வெளியிடற்க. மூன்று பிரதிகள் செய்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை ஆவணக் காப்பகமொன்றிலும் வைக்க. ஒரே தொலைபேசியில் வைத்திருப்பது, நான் ஒரே நாடாவில் வைத்திருந்தது போலாகும்.

இன்னுமொரு விண்ணப்பம். மாதத்திலே ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்தபின், புதிதாகப் பதிந்த ஒன்றைச் சங்க மண்டபத்திலே எல்லோரும் கேட்கப் போடுவோம். பெரியோர்கள் இருந்து கேட்கட்டும். பிழை உளதேல் முன்போலச் செருமட்டும். இளைஞர் ஐயங் கேட்கட்டும். அதன்பின் அது வலையொலியாகி உலகமெங்குஞ் செல்லட்டும். ரொறன்ரோவிலே பிறந்த நம் பேரப்பிள்ளை, தான் கண்டறியாத ஊரின் காற்றினது பெயரை, அந்த ஊரார் குரலிலேயே கேட்டறியும்.

பெரியோர்களே, "எனக்கென்ன தெரியும்?" என்று மறுத்துவிடாதீர்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார். இளைஞர்காள், "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

இவ்விழா முடிந்து வீட்டுக்குப் போனதும், இன்றிரவே, முதியவர் ஒருவரின் பக்கத்திலே சென்று இருங்கள். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வையுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் தொலைபேசியை முன்னே வையுங்கள்.